அவிக்கக் கடலை வாங்கும்போது: செடியோடா, சந்தையிலா, காய்ந்ததா?

அவித்த கடலை ருசியாக வருமா வராதா என்பது, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. செடியைப் பிடுங்கியபோது காய் எவ்வளவு முற்றியிருந்தது, பிடுங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற இரண்டும்தான் முதல் கணக்கு. குக்கரா குண்டானா, உப்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதெல்லாம் அதற்கு அடுத்தது. பழைய காயை எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் அன்றைக்குப் பிடுங்கிய காயின் இனிப்பு திரும்பி வராது. அதனால் இங்கே வாங்கும் இடத்துக்கே முதலில் இடம் கொடுக்கிறோம்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய் என்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. இலங்கையில் கச்சான். பெயர் எதுவானாலும் 'பச்சைக் கடலை' என்றால் வெயில் காட்டாத, ஈரம் குறையாத காய் என்று பொருள். பிடுங்கிய அன்று காயின் எடையில் ஏறக்குறைய 35 முதல் 50 சதவீதம் தண்ணீர்தான். காயவைத்துச் சேமிக்கும் கடலையில் அது 8, 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இரண்டும் ஒரே செடியில் விளைந்தவைதான் என்றாலும், சமையலில் இரண்டையும் வேறு வேறு பண்டமாகவே நடத்த வேண்டும்.

பருவம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

தமிழ்நாட்டில் கடலைக்கு ஒரே பருவம் கிடையாது. மழையை நம்பி மானாவாரியாக ஆனி, ஆடியில் விதைத்தது புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் வெளியே வரும். மார்கழிப் பட்டத்தில் நீர் பாய்ச்சி விளைவிக்கும் இறவைக் கடலை பங்குனி, சித்திரையில் வரும். சித்திரையில் விதைத்தது ஆடி, ஆவணியில் வரும். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, சேலம், நாமக்கல், தர்மபுரி, புதுக்கோட்டை என்று விளையும் மாவட்டங்கள் பரவிக் கிடப்பதால், இந்த மாதங்களில் எங்காவது ஓர் ஊரில் செடி பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில், முக்கியமாகத் தை, மாசியில், 'பச்சை' என்று யாராவது நீட்டினால் ஒரு காயை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எண்ணெய்க்கும் விதைக்கும் வேண்டிய முற்றலும், அவிக்க வேண்டிய முற்றலும் ஒன்றல்ல. 105 நாள் ரகத்தை எண்ணெய்க்காரர் 105 நாள் நிற்கவிடுவார். அவிப்பதற்கு 85 முதல் 95 நாளுக்குள் பிடுங்கியதே அருமை. அந்த வயதில் பருப்பு ஓட்டை நிறைத்திருக்கும், ஆனால் இனிப்பு இன்னும் குறைந்திருக்காது, எண்ணெய் கனத்திருக்காது. விவசாயிக்கு இதில் எடை இழப்பு உண்டு. அதனால் அவிப்பதற்கென்றே முன்கூட்டிப் பிடுங்குகிறவர் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டால் அது நியாயமான கேள்வி.

காயை உடைத்துப் படிப்பது

எங்கே வாங்கினாலும் இந்தச் சோதனை ஒன்றுதான். குவியலின் மேலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு காய் எடுங்கள். காதருகே குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. பச்சைக் காயில் பருப்பு ஓட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். கலகலத்தால் காய ஆரம்பித்துவிட்டது.

பிறகு உடைத்து ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக, பஞ்சு போல் தடித்து ஈரமாக இருந்தால் பிஞ்சு. பஞ்சு வற்றி ஆங்காங்கே பழுப்பு படர ஆரம்பித்திருந்தால் அவிக்க ஏற்ற முற்றல். உட்பக்கம் முழுக்கக் கரும்பழுப்பாக, நரம்பு நரம்பாகத் தெரிந்தால் நன்றாக முற்றியது. அவிக்கலாம், ஆனால் நேரம் கூடப் பிடிக்கும். பருப்பின் மேல்தோல் வெளிர் ரோஜா நிறத்தில் மினுமினுப்பாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் ஈரம் கசிய வேண்டும்.

காய்ந்த காயைத் தண்ணீரில் ஊறவைத்துப் பச்சை என்று விற்பதும் உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது ஓடுதான். ஊறிய காயின் ஓடு உள்ளே காகிதம் போல் மெலிந்திருக்கும், பஞ்சு இருக்காது. காம்பு கறுத்துச் சுள்ளி போல் ஒடியும். புதுக் காயின் காம்பு நார் போல் வளைந்துதான் அறும். நிறமும் சொல்லும்: புதுக் காய் மண்ணைத் துடைத்தால் மஞ்சள் கலந்த வெளிர் நிறம், ஊறிய காய் எங்கும் ஒரே மங்கல் பழுப்பு.

முளை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். படராமல் கொத்தாகக் காய்க்கும் வேர்க்கடலை ரகங்களுக்கு உறக்க காலம், அதாவது முளைக்காமல் ஓய்ந்திருக்கும் காலம், அனேகமாகக் கிடையாது. முற்றிய நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பின் வரும் காயில் இது சாதாரணம். படர்ந்து வளரும் கொடிக் கடலைக்கு உறக்க காலம் உண்டு, அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் பருப்பு பெரிது, ஓடு தடிப்பு. வேக நேரம் கூட்ட வேண்டும்.

செடியோடு வாங்குவது

இதற்கு நிகர் எதுவும் இல்லை. பிடுங்கிய வயலிலேயோ, சாலையோரம் செடிக் கட்டாக வைத்திருப்பவரிடமோ வாங்கினால் வயது உங்கள் கண் முன்னால் இருக்கிறது. இலை வாடியிருந்தால் நேற்றையது, விறைப்பாக இருந்தால் இன்றையது. இதைவிட நேர்மையான தேதிச் சீட்டு வேறு கிடையாது.

குறை என்னவென்றால், ஆய்கிற வேலை உங்களுடையது. ஒரே செடியில் பிஞ்சும் முற்றலும், உள்ளே பருப்பில்லாத பொக்கும் சேர்ந்தே இருக்கும். கடலைச் செடி பல வாரம் தொடர்ந்து பூக்கிறது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாவது விழுது. முதலில் இறங்கிய விழுதின் காய் முற்றி நிற்கும்போது, கடைசி விழுது இப்போதுதான் பருத்துக்கொண்டிருக்கும். பொக்கு அதிகம் இருந்தால் மண்ணில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறை என்று கொள்ளலாம். அதற்காகத்தான் விதைத்த 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்கள். வளரும் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சுகிறது. இலை பச்சையாக இருந்தாலும் காய் பொக்காகப் போவதற்குக் காரணம் இதுதான். வாங்கும் முன் ஒரு செடியை அசைத்து, பத்துக் காயை அழுத்திப் பாருங்கள். மூன்றுக்கு மேல் உள்ளே அமுங்கினால் அந்தக் கட்டை விட்டுவிடலாம்.

செடிக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவிழ்த்து நிழலில் பரப்புங்கள். கட்டோடு அடுக்கி வைத்தால் பச்சை இலை புழுங்கிச் சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு தெரியும்; அந்தச் சூட்டில் ஒரே இரவில் காயில் புளித்த வாடை வந்துவிடும். அன்றைக்கே ஆய்ந்துவிடுவது நல்லது. ஆய்ந்தபின் மிஞ்சும் கொடி மாட்டுக்கு நல்ல தீவனம். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்.

வயலின் மண்ணையும் கவனியுங்கள். மணல் கலந்த செம்மண் காயை விட்டு எளிதாக உதிரும். களியாக ஒட்டும் மண்ணில் விளைந்த காயில், ஓட்டின் மேடுபள்ளமெல்லாம் மண் அடைந்து, கழுவும் வேலை இரண்டு மடங்கு ஆகும்.

உழவர் சந்தையும் தள்ளுவண்டியும்

நகரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நடைமுறையில் இதுதான் வழி. ஆய்ந்து, பல நேரம் கழுவியும் வரும். உழவர் சந்தையில் விளைவித்தவரே உட்கார்ந்திருந்தால் "எப்போது பிடுங்கினீர்கள்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். விடிகாலையில் போனால் முந்தின நாள் மாலை ஆய்ந்த காய் கையில் வரும். சென்னையில் கோயம்பேடு வழியாக வருவது லாரியில் இரவு முழுக்க மூட்டையில் இருந்திருக்கும். தள்ளுவண்டிக்காரர் கைக்கு வரும்போது ஒரு நாளாவது ஆகியிருக்கும்.

இங்கே ஒரு முரண் உண்டு. பளிச்சென்று கழுவிய காய் கண்ணுக்கு அழகு, ஆனால் கழுவிய காய்தான் சீக்கிரம் கெடும். ஓட்டில் நின்ற ஈரம் பூசணத்துக்கு விருந்து. அன்றைக்கே அவிப்பதானால் கழுவியதை வாங்குங்கள். நாளைக்கு, மறுநாளைக்கு என்றால் மண்ணோடு இருப்பதே மேல். மண்ணுக்கும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள் என்பது உண்மை. இரண்டு கை காயை எடுத்துத் தேய்த்து உதிர்த்துவிட்டுத் தராசில் போடச் சொல்வதில் தவறில்லை.

பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்திருப்பதை எடுக்காதீர்கள். பிடுங்கிய பின்னும் காய் மூச்சு விடுகிறது. அடைபட்ட பையில் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால், மூக்கை வைத்துப் பாருங்கள். கள் போன்ற மெல்லிய வாடை வரும். அந்த வாடை அவித்தாலும் போகாது.

காய்ந்த கடலையை ஊறவைத்து அவிப்பது

பருவம் இல்லாத மாதங்களில் இதுதான் கிடைக்கும். செய்யலாம், நன்றாகவே செய்யலாம். ஆனால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். முற்ற முற்றப் பருப்பில் சர்க்கரை குறைந்து எண்ணெய் ஏறும். அதன் பிறகு காயவைத்ததும் பருப்பு இறுகிவிடும். ஊறவைத்தால் தண்ணீர் திரும்பும், பச்சைக் காயின் பால் போன்ற இனிப்பு திரும்பாது. கிடைப்பது சுண்டல் ருசி. மாலை நேரத் தீனிக்கு அதுவும் நல்லதுதான்.

ஓட்டோடு இருக்கும் காய்ந்த கடலையைக் கழுவி, முழுகும் அளவுக்கும் மேல் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 20 கிராம் உப்புப் போட்டு 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். மிதக்கும், மேலே ஒரு தட்டு, அதன் மேல் கனமாக ஏதாவது. வெயில் காலத்தில் நடுவில் ஒரு முறை தண்ணீரை மாற்றாவிட்டால் நுரைத்துவிடும். உப்புத் தண்ணீரை அலுமினியப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைக்கக்கூடாது, அரிக்கும். எவர்சில்வரே சரி. ஊறியதன் அடையாளம்: உடைத்த பருப்பைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியக்கூடாது. ஊறாமல் நேராகக் குக்கரில் போட்டால் ஓரம் குழைந்து நடு நறநறக்கும், எத்தனை விசில் விட்டாலும்.

வறுத்த கடலை இதற்கு ஆகவே ஆகாது. விதைக்கென்று பூஞ்சாணக்கொல்லி கலந்த பருப்பைத் தப்பித் தவறியும் சமையலுக்கு எடுக்கக்கூடாது. வெளுப்பான பொடியோ சாயமோ படிந்த பருப்பு மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள்.

உறையவைத்தது, வெளிநாட்டுக் கடைகள்

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கடலை அவித்துத் தின்பது அங்கத்திய மக்களின் சொந்தப் பழக்கம். தென் கரோலினா 2006இல் அவித்த கடலையைத் தன் அதிகாரபூர்வ மாநிலத் தின்பண்டமாகவே அறிவித்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அங்கே உழவர் சந்தைகளில் பச்சைக் காய் வரும். கடையில் 'ரா' (raw) என்று எழுதியிருந்தால் வறுக்காதது என்று மட்டுமே பொருள், காய்ந்ததாகத்தான் இருக்கும். 'கிரீன்' (green) என்று எழுதியதே நம் பச்சைக் கடலை. இந்தக் குழப்பத்தில் காய்ந்ததை வாங்கி வந்து அரை மணி நேரம் அவித்துவிட்டு வேகவில்லை என்று நொந்துகொள்கிறவர்கள் அதிகம்.

இந்திய, வியட்நாமியக் கடைகளின் உறைபெட்டியில் இருப்பது இரண்டு வகை. அவித்து உறையவைத்தது நல்லது. பனிக்கட்டி இளகக் காத்திருக்காமலே கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டால் போதும். பச்சையாகவே உறையவைத்தது அவ்வளவு நம்பகமில்லை. ஈரம் நிறைந்த பருப்பு உறையும்போது அதன் உள்கட்டு சிதைந்து ருசி கெட வாய்ப்பு உண்டு. இரண்டும் பக்கத்தில் இருந்தால் அவித்ததையே எடுங்கள்.

விலையை எப்படி ஒப்பிடுவது

பச்சைக் காய் மலிவாகவும் காய்ந்தது விலை கூடியதாகவும் தெரிவது தண்ணீரால் வரும் தோற்றம். 45 சதவீத ஈரம் உள்ள 1 கிலோ பச்சைக் காயை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 600 கிராம் நிற்கும். ஆக, ஓட்டோடு காய்ந்த கடலை கிலோ 100 ரூபாய் விற்கும் நாளில் பச்சை 60 ரூபாய் என்றால் இரண்டும் ஒரே விலை. அதற்கு மேல் கொடுப்பது புதுமைக்கும், அழுகும் அபாயத்தை விற்பவர் ஏற்றுக்கொண்டதற்கும். 75, 80 ரூபாய் வரை கூடப் பச்சையை வாங்குவது வீண் செலவு இல்லை என்பது எங்கள் கருத்து. ஊறவைக்கும் இரவும், கால் மணி நேரத்துக்குக் குறையாத எரிவாயுவும் மிச்சம். ஆனால் பத்துக் காயில் மூன்று பொக்கு என்றால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும்.

பூசணம் பற்றி

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பச்சைக்கும் காய்ந்ததற்கும் இடைப்பட்ட நிலைதான் கடலைக்கு மிகக் கெட்ட நிலை. அரைகுறையாகக் காய்ந்து, மெதுவாக ஈரம் இறங்கும் நாட்களில்தான் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். கொதிக்கவைத்தால் பூஞ்சாணம் சாகும், ஏற்கெனவே சுரந்த நஞ்சு அழியாது. ஆகவே "எப்படியும் அவிக்கத்தானே போகிறோம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. கறையான் சுரண்டிய ஓடு, புழுத் துளை, வெடித்த காய், பச்சையோ மஞ்சளோ தூள் படிந்த பருப்பு, சுருங்கிக் கறுத்த பருப்பு, எல்லாவற்றையும் கழுவும்போதே எறிந்துவிடுங்கள். காய் பிடிக்கும் காலத்தில் மழை பொய்த்த மானாவாரிக் கடலையில் இன்னும் கவனம் வேண்டும்.

வாங்கிய காயை 2 நாளுக்குள் அவிக்க முடியாதென்றால் வழி இரண்டே. கழுவாமல் துணிப்பையிலோ காகிதத்திலோ போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் 5 முதல் 7 நாள் தாங்கும். இல்லையென்றால் நல்ல வெயிலில் மெல்லிய பரப்பாகப் போட்டு, குலுக்கினால் கலகலக்கும்வரை முழுக்கக் காயவைத்துவிட வேண்டும். "கொஞ்சம் வெயில் காட்டி வைப்போம்" என்பதுதான் தவறு.

கழுவுவதும் பிரிப்பதும்

முதலில் 20 நிமிடம் தண்ணீரில் போட்டு வையுங்கள், மண் இளகும். பிறகு வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயடியில் தேய்த்தால் மூன்று நான்கு தண்ணீரில் தெளிந்துவிடும். கடைசித் தண்ணீரின் அடியில் மணல் படியக்கூடாது. வாயில் ஒரு மணல் அகப்பட்டால் மொத்தக் கடலையின் மேலும் ஆசை போய்விடும். ஓடு உடைந்த காயைத் தனியே எடுத்துவிடுங்கள், அதன் உள்ளே சேறு போயிருக்கும்.

அடுத்த வேலையைப் பலர் செய்வதில்லை, பலன் அதில்தான் அதிகம்: பிஞ்சையும் முற்றலையும் பிரிப்பது. ஒன்றாகப் போட்டால் முற்றல் வேகும் நேரத்தில் பிஞ்சு கூழாகிவிடும், பிஞ்சு வேகும் நேரத்தில் முற்றல் நறநறக்கும். ஒரே சட்டியில் பாதி குழைந்தும் பாதி வேகாமலும் வருவதற்கு அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டின் வரிகள் ஆழமாகப் பதிந்து கெட்டியாக இருப்பது முற்றல். வரி மங்கலாக, வழவழவென்று, நகம் இறங்குவது பிஞ்சு. 1 கிலோவைப் பிரிக்க 10 நிமிடம் ஆகும்.

குக்கர், குண்டான், இட்லிப் பானை

நேரம் குறைவு என்றால் குக்கர். 5 லிட்டர் குக்கரில் 1 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். தண்ணீர் 1¼ லிட்டர், கல் உப்பு 40 கிராம். கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் படிகத்தின் பருமனைப் பொறுத்து ஏமாற்றும், எடை போடுவதே சரி. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, பிஞ்சுக்கு 8 நிமிடம், முற்றலுக்கு 12 முதல் 15 நிமிடம், ஊறிய காய்ந்த கடலைக்கு 30 முதல் 35 நிமிடம். விசில் எண்ணிக்கை குக்கருக்குக் குக்கர், தீக்குத் தீ மாறும், கடிகாரம் மாறாது.

அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பீய்ச்சிவிடாதீர்கள். ஆவி தானாக அடங்கட்டும், பிறகும் மூடியைத் திறந்து அரை மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கட்டும். காரணம் இது: கொதிக்கும்போது ஓட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, அந்த இடத்தை ஆவி நிறைக்கிறது. ஆறும்போது ஆவி சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம்தான் உப்புத் தண்ணீரை ஓட்டுக்குள் இழுக்கிறது. கடித்தால் உள்ளிருந்து உப்புச்சாறு வாயில் பீய்ச்சும் அந்தச் சுகம் ஆறும் நேரத்தில் உண்டாவது, வேகும் நேரத்தில் அல்ல. வெந்ததும் வடித்துவிடுகிறவர்களுக்கு "எவ்வளவு உப்புப் போட்டாலும் ஏறவில்லை" என்ற குறை வருவது இதனால்தான்.

எங்கள் தேர்வு குண்டான். நேரம் கூட ஆகும், ஆனால் நடுவில் திறந்து பார்க்கலாம், பிஞ்சைப் பின்னால் சேர்க்கலாம். 1 கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீர், 60 கிராம் உப்பு. கொதி வந்ததும் முற்றலைப் போட்டு மேலே தட்டால் அமுக்கி, மூடி, நடுத்தரத் தீயில் வையுங்கள். 25ஆம் நிமிடம் பிஞ்சைச் சேர்க்கலாம். மொத்தம் 50 முதல் 60 நிமிடம். தண்ணீர் வற்றினால் சுடுதண்ணீரே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் கொதியைக் குலைக்கும். ஓட்டின் சாயம் இறங்கித் தண்ணீர் பழுப்பாகும், அது கேடில்லை. விசேஷத்துக்கு 5 கிலோ, 10 கிலோ என்று அவிப்பவர்களுக்குக் குண்டானைத் தவிர வேறு வழியும் இல்லை. மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டால் ஆவி தப்பாது.

இட்லிப் பானையில் ஆவியில் வைப்பது பிஞ்சுக்கு மட்டும் பொருந்தும். 40 நிமிடம் வைத்தால் இனிப்புத் தண்ணீரில் கரையாமல் அப்படியே நிற்கும். உப்பு உள்ளே ஏறாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அதுவே நன்மை.

வெந்ததா என்று பார்க்க, சட்டியின் நடுவிலிருந்து இருப்பதிலேயே பெரிய காயை எடுங்கள். பருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் வெடிக்காமல் நசுங்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். மிதந்துகொண்டிருந்த காய்கள் பெரும்பாலும் அமிழ்ந்திருந்தால் ஓட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அறியலாம்.

சரியான நேரம் வைத்தும் வேகவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் பருப்பு இளகாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் வீடுகளில் குடிதண்ணீரிலேயே அவிப்பது நல்லது. புளியோ எலுமிச்சையோ முன்கூட்டிச் சேர்த்தாலும் இதே கதைதான், புளிப்பு பருப்பை இறுக்கும். அதற்கு மாற்றாகச் சோடா உப்புப் போடுகிறவர்கள் உண்டு. வெந்துவிடும், ஆனால் தோல் வழவழத்துச் சோப்பு வாடை தட்டும். வேண்டாம்.

அவித்தே விற்பதை வாங்கினால்

படியால் அளந்து கொடுக்கும் வண்டிக்காரரிடம் வாங்குவதும் நல்ல வழிதான், அன்றைக்கு அவித்ததாக இருந்தால். ஆவி பறக்கிறதா என்பது போதாது, நேற்றையதைச் சூடாக்கினாலும் ஆவி பறக்கும். ஓட்டைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தாலும், உடைத்ததும் புளித்த வாடை வந்தாலும் பழையது.

வீட்டில் அவித்ததற்கும் அதே விதி. அறைச் சூட்டில் காலையில் அவித்தது இரவுக்குள் தீர வேண்டும். வடித்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் 4 நாள். கூட அவித்துவிட்டால் ஓட்டோடு பைகளில் போட்டு உறையவைத்துவிடலாம், 6 மாதம் கெடாது. ஒரு பைக்கு அரை கிலோ என்று பிரித்து வைத்தால் தேவைக்கு எடுக்கச் சௌகரியம். உப்புத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கவே கூடாது. புளிப்பில்லாத பண்டத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமிக்கு அது வசதியான இடமாகிவிடும். உறையவைத்ததை எடுக்கும்போது இளகவிடாமல் அப்படியே கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. முன்னமே ஏறியிருக்கும் உப்பு வெளியே கரைந்துபோகாமலிருக்க அந்த அளவு போதும்.